விடியலில் மக்கர் செய்த ரிவால்வர்: கானாடுகாத்தானில் ஒரு நிகழ்வு ஆய்வு

கடை மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. சொந்தக்காரர் கைக்குப் போனால் மக்கர் செய்யும். இப்படியொரு புகாரோடு ஒரே ரிவால்வர் இரண்டு முறை என்னிடம் வந்தது. இரண்டு முறையும் நான் சொல்லி அனுப்பிய பதில் தவறு. மூன்றாம் முறை அது என்னைத் தேடி வரவில்லை, நான்தான் அதைத் தேடிப் போனேன். முதலிலேயே போயிருந்தால் இந்த ஆய்வு அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

ராணுவத்தில் ஈ.எம்.இ. எனும் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது திருச்சியில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் பழுதுபார்க்கும் வேலை. ரிவால்வரின் உரிமையாளர் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான்காரர், அறுபதைக் கடந்தவர், நகைத் தொழிலில் இருக்கிறார். இங்கே அவரைச் செட்டியார் என்றே குறிப்பிடுகிறேன். அப்பா காலத்து 12 போர் (குழல் அளவு) ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் ஏற்கெனவே உண்டு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. இந்த ரிவால்வரோடு அவர் கணக்கு நிறைந்துவிட்டது. அந்தப் பழைய ஒற்றைக்குழலுக்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

ரிவால்வர் .32 போர், ஆறு அறை, நடுவில் மடித்துத் திறக்கும் வகை. திறந்தால் சிலிண்டரின் நடுவிலிருக்கும் நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டர் எழும்பி ஆறு தோட்டாக்களையும் ஒரே தூக்கில் வெளியே தள்ளும். பழைய வெப்ளி ரிவால்வர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. ஐப்பசியில் எங்கள் கடையிலேயே வாங்கினார். உரிமப் புத்தகத்தில் எண் ஏற்றியாயிற்று, அதிகாரியிடம் காட்டியாயிற்று.

இரண்டு புகார்கள், இரண்டு தப்பான பதில்கள்

முதல் புகார் வாங்கிய பத்து நாளில் வந்தது. ரைபிள் கிளப் சுடுதளத்தில் பன்னிரண்டு தோட்டா சுட்டிருக்கிறார். எல்லாம் வெடித்தன. ஆனால் சிலிண்டர் ஒரு சுற்று வருவதற்குள் ஓரிடத்தில் விசை (டிரிக்கர்) இறுகுகிறது என்றார். "புதுச் சாமான், நாலு தடவை ஓடினால் சரியாகிவிடும்" என்றேன். துப்பாக்கி விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. பல நேரம் உண்மையும்கூட. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்திலா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிக் கதை அன்றே முடிந்திருக்கும்.

இரண்டாம் புகார் மார்கழி முதல் வாரத்தில். கிளப்பில் காலை ஆறரை மணிச் சுற்றுக்காகச் செட்டியார் இருட்டோடு காரில் கிளம்பி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். பன்னிரண்டு தோட்டாவில் ஐந்து வெடிக்கவில்லை. கிளப் பயிற்சியாளர் கெட்டிக்காரர். அடிபட்டுச் சொட்டை (சிறு குழி) விழுந்தும் வெடிக்காத தோட்டாவோடு குழலை இலக்குத் திசையிலேயே முப்பது வினாடி பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்திருந்தார். தாமதமாக வெடிக்கும் தோட்டா ஒன்று இருந்தால், அவசரப்பட்டுத் திறப்பவரின் முகத்தில்தான் அது வெடிக்கும்.

அந்த நோட்டில் இரண்டு குறிப்புகள் முக்கியமானவை. வெடிக்காத ஐந்தும், சுத்தியலை (விழுந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் பாகம்) கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்காமல், விசையை மட்டும் முழுவதும் இழுத்துச் சுட்டவை. சுத்தியலை முன்கூட்டி ஏற்றிச் சுட்டபோது ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டாவது, அந்த ஐந்தையும் மறுபடி சுத்தியலை ஏற்றி அடித்தபோது ஐந்தும் வெடித்தன.

இரண்டாம் அடியில் வெடிக்கும் தோட்டாவின் பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி) செத்த பிரைமர் அல்ல. முதல் அடி போதவில்லை என்பதே அதன் பொருள். விசையை மட்டும் இழுத்துச் சுடும்போது பெரும்பாலான ரிவால்வர்களில் சுத்தியல் முழு தூரமும் பின்னால் போகாது; கொஞ்சம் முன்னதாகவே விடுபட்டு விழும். அடி சற்று இளைத்திருக்கும். நல்ல நிலையில் இருக்கும் ரிவால்வருக்கு அந்த இளைத்த அடியே போதும். எங்கோ எதுவோ சுத்தியலைப் பிடித்தால் முதலில் தோற்பதும் அந்த அடிதான்.

இவ்வளவு தெரிந்தவன் அப்போதே திறந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. கடை திறக்கும்வரை செட்டியார் வெயிலில் காரை நிறுத்திக் காத்திருந்தார். பதினொரு மணிக்கு ரிவால்வர் என் கைக்கு வந்தபோது இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. டம்மி தோட்டா போட்டு அடித்துப் பார்த்தேன், சொட்டை ஆழமாக விழுந்தது. தோட்டாப் பெட்டியைப் பார்த்தேன். நம் ஊரில் ".32" என்று இரண்டு சாமான் விற்கிறது. ஒன்று 1896இல் வந்த ஸ்மித் அண்ட் வெசன் லாங், ரிவால்வருக்கானது, 23 மில்லிமீட்டர் தோட்டாக் கூடு. மற்றது 1899இன் பிரௌனிங் பிஸ்டல் தோட்டா, 17 மில்லிமீட்டர் கூடு, விளிம்பும் சிறியது. இது ரிவால்வர் அறைக்குள் இறங்கியும் தொலைக்கும் என்பதால் பார்க்காமல் விட முடியாது. செட்டியாரிடம் இருந்தது சரியான பெட்டி. பிற்பகல் இரண்டு மணிக்குச் சுடுதளத்துக்கே போனோம். வீட்டில் ஏற்றி வைத்திருந்த அவருடைய ஆறு தோட்டா, புதுப் பெட்டியிலிருந்து ஆறு. பன்னிரண்டும் விசை இழுப்பிலேயே வெடித்தன.

"விசையைப் பாதியில் தளர்த்திவிடுகிறீர்கள், ஐயா. விரலுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். இதை எழுதும்போதும் அந்த மௌனம் உறுத்துகிறது.

தொலைபேசியில் கேட்ட சத்தம்

மார்கழி முடியச் சில நாள் இருக்கும்போது, காலை ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது.

"தம்பி, தோட்டா இல்லை, சிலிண்டர் காலி, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். சத்தத்தை மட்டும் கேளுங்கள்."

கேட்டேன். நல்ல ரிவால்வரின் சுத்தியல் விழும் சத்தம் உலர்ந்த "டக்." எனக்குக் கேட்டது "தொப்." ஈர மணலில் கல்லைப் போட்ட மாதிரி. மூன்று முறை அடித்துக் காட்டினார், மூன்றும் அப்படியே. இதற்கு விரலைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்றும் அவரே சொன்னார்: "மத்தியானத்துக்கு மேல் நன்றாகத்தான் அடிக்கிறது. திருடன் மத்தியானம் வருவதில்லையே, தம்பி?"

காலையில் ஒரு நிலை, நண்பகலில் ஒரு நிலை. பிரச்சினையின் பாதி விடையை வாடிக்கையாளரே சொல்லிவிட்டார். அதற்குள் அவருடைய அக்கா மகன் காரைக்குடியில் ஒரு லேத் பட்டறையில் பேசி வைத்திருந்தார். சுத்தியலைத் தள்ளும் மெயின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வளைத்து இறுக்கித் தருவதாகப் பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். அதை நிறுத்தச் சொன்னேன். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதைத் தடை செய்கிறது; எவ்வளவு கைதேர்ந்த லேத்காரரானாலும் இது பொருந்தும். வளைத்த ஸ்பிரிங் ஒரு மாதம் நன்றாக அடித்துவிட்டு ஒருநாள் உடையும் என்பது வேறு விஷயம். பின்கட்டுத் தென்னந்தோப்பில் ஒன்று சுட்டுப் பார்த்தால் என்ன என்று செட்டியார் கேட்டதற்கும் அதே பதில். பிறருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

வளவில் வெயில் விழுந்த இடம்

மறுநாள் மாலையே கானாடுகாத்தான் போய், இரவு முகப்பை ஒட்டிய அறையில் தங்கினேன். காலை ஐந்தரைக்குச் செட்டியார் இரண்டாம் கட்டில் இருக்கும் அறையைத் திறந்தார். வெளியே பனி. உள்ளே அந்தக் காலத்து இரும்புப் பெட்டி, தொட்டால் விரல் சில்லிட்டது. நான் கொண்டுபோயிருந்த வெப்பமானி 21 டிகிரி காட்டியது. செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுவர், உயரமான கூரை, சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் கோடைக்காகக் கட்டியவை. மார்கழியிலும் அவை தங்கள் வேலையை விடுவதில்லை.

சிலிண்டரைத் திறந்து காலி என்று இருவரும் பார்த்துக்கொண்டோம். பிறகு ஆர்மரர்களின் பழைய பென்சில் வித்தை. சுத்தியலை முதலில் ஏற்றிவிட்டு, குழலை மேல்நோக்கிப் பிடித்து, முனையில் ரப்பர் உள்ள சாதாரண பென்சிலை ரப்பர் கீழே இருக்கும்படி குழலுக்குள் இறக்க வேண்டும். விசையை இழுத்தால் ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) ரப்பரில் அடித்துப் பென்சிலை மேலே தூக்கி எறியும். எவ்வளவு உயரம் என்ற எண்ணுக்குத் தனியாக மதிப்பில்லை. ஒரே ரிவால்வரை, ஒரே பென்சிலை வைத்து இரண்டு நேரங்களை ஒப்பிடத்தான் இது உதவும். ரிவால்வர் அவர் கையில், அளவுகோல் என் கையில். பென்சில் ஒரு சாண் எழும்பிச் சாய்ந்து விழுந்தது. ஐந்து முறையும் ஒரு சாண்தான், ஒருமுறை அதுவும் இல்லை.

எதனால் என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. புதுத் துப்பாக்கியில் தொழிற்சாலை பூசி அனுப்பும் கட்டிக் கிரீஸ் உள்ளே மிச்சமிருக்கலாம் என்று மட்டும் நினைத்தேன். குழலையும் அறைகளையும்தான் நாங்கள் துடைத்துக் கொடுத்திருந்தோம். பக்கத் தகட்டைக் கழற்றிச் சுத்தியல் பகுதியைக் கழுவவில்லை. அது எங்கள் சோம்பல். ஆனால் அந்தக் கிரீஸ் ஐப்பசியிலும் இருந்தது. அப்போது வெடித்ததே?

எட்டரை மணிக்குக் காப்பி குடிக்க வளவுக்கு, அதாவது வீட்டின் நடு முற்றத்துக்கு, வந்தேன். முற்றத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு வெயில் விழுந்திருந்தது. அந்தத் துண்டு வெயிலின் நடுவில் ஒரு எண்ணெய்ப் புட்டி. பாதி வெள்ளையாக உறைந்து, ஓரங்களில் மட்டும் உருகத் தொடங்கியிருந்தது. வீட்டம்மா ஆச்சி வந்து புட்டியை நிழல் விழாத பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள். "மார்கழி வந்தால் இதே வேலை. வெயிலில் வைத்தால்தான் தலைக்குத் தேய்க்க முடிகிறது."

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையும்.

செட்டியாரிடம் கேட்டேன்: "ரிவால்வருக்கு என்ன எண்ணெய் போடுகிறீர்கள், ஐயா?"

"இதே எண்ணெய்தான். இரும்பு என்றால் எண்ணெய் வேண்டாமா? முப்பது வருஷமாக அப்பா துப்பாக்கிக்கு இதுதான். வீட்டுப் பூட்டுக்கும் இதுதான்."

கார்த்திகை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை தோறும், கோழி இறகைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து, சுத்தியல் இடுக்கில் வழிய விட்டிருக்கிறார். சிலிண்டர் அறைகளிலும் விட்டு, தோட்டாக்களையும் துடைத்து, ஏற்றியே வைத்திருக்கிறார். ஒற்றைக்குழலின் சுத்தியல் பெரியது, ஸ்பிரிங் முரட்டுத்தனமானது, இடைவெளிகள் தாராளமானவை. கொஞ்சம் மெழுகு ஒட்டினாலும் அது கண்டுகொள்ளாது. ரிவால்வரில் சுத்தியல் ஓடும் இடுக்கு சில மில்லிமீட்டர்தான்.

பதினொன்றரை மணிக்கு, 29 டிகிரியில், அதே பென்சில் இரண்டு முழத்துக்கு மேல் எழும்பியது. செட்டியார் சிரித்தார்; எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. மார்கழி முதல் வாரத்தில் குளிர்சாதனம் ஓடிய காரில் இரண்டு மணி நேரம் வந்த ரிவால்வர் சுடுதளத்தில் தவறியதும், வெயிலில் காய்ந்த பிறகு என் கையில் ஒழுங்காக அடித்ததும் இப்போது ஒரே வரியில் வந்து நின்றன. அவர் விரலில் ஒரு குறையும் இருந்ததில்லை. அதை ஆச்சி முன்னாலேயே சொன்னேன்.

எங்கள் பழுதுபார்க்கும் உரிமம் கடை முகவரிக்கு உரியது. அதனால் அங்கே திறக்கவில்லை. அவரையும் ரிவால்வரையும் திருச்சிக்கு அழைத்துப்போனேன். பக்கத் தகட்டைக் கழற்றியபோது தொழிற்சாலைக் கிரீஸும் தேங்காய் எண்ணெயும் குழைந்து சாம்பல் நிறக் களிம்பாகி, மெயின் ஸ்பிரிங்கின் மடிப்பில் அப்பியிருந்தது. அதில் துணி நூலும் தலைமுடி ஒன்றும். ஆச்சியின் பழைய கண்டாங்கிச் சேலைக் கிழிசலால் துடைத்து வந்த நூல் அது. அரக்கு நிறத்தில் தனியாகத் தெரிந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, அச்சுகளில் மட்டும் ஊசி முனையால் ஒவ்வொரு துளி மெல்லிய துப்பாக்கி எண்ணெய் விட்டேன். தேவை அவ்வளவுதான்.

தோட்டாவில் எண்ணெய் பட்டால் பிரைமர் செத்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். வாரக்கணக்கில் ஊறினால் நடக்கலாம். இங்கே நடக்கவில்லை, அவருடைய எண்ணெய்த் தோட்டா ஆறும் நண்பகலில் வெடித்தனவே. ஆனால் வேறு கெடுதல் உண்டு. உலர்ந்த கூடு வெடிக்கும்போது விரிந்து அறைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க் கூடு வழுக்கிப் பின்னால் தள்ளி, பின்தகட்டில் வேண்டாத பளுவை ஏற்றும். அறையும் தோட்டாவும் உலர்ந்தே இருக்க வேண்டும்.

செட்டியாருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்குப் போய் ஆத்தங்குடிக் கல் தரையில் இரண்டு சொட்டு விட்டு வைக்கச் சொன்னேன், ஒன்று நான் கொடுத்த எண்ணெய், ஒன்று ஆச்சியின் எண்ணெய். மறுநாள் விடியலில் தொலைபேசி. "உங்களுடையது அப்படியே ஓடுகிறது. ஆச்சியுடையது நகத்தால் சுரண்டினால் வருகிறது."

நான்காம் அறை

தை மாதத்தில் ஒரு குளிர்ந்த காலை, வேண்டுமென்றே குளிர்சாதனக் காரில் கொண்டுவந்து, ஆறரை மணிக்குப் பதினெட்டுத் தோட்டா சுட்டோம். எல்லாம் விசை இழுப்பு. பதினெட்டும் வெடித்தன.

ஆனால் ஐப்பசியில் அவர் சொன்ன அந்த இறுக்கம் இன்னும் இருந்தது. இம்முறை சிலிண்டர் அறைகளுக்கு ஸ்கெட்ச் பேனாவால் 1 முதல் 6 வரை எண் போட்டிருந்தேன். மூன்று சுற்றிலும் இறுகியது நான்காம் அறை வரும்போது மட்டுமே. குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன், ஆறு அறைக்கும் 0.15 மில்லிமீட்டர், ஒழுங்கான அளவு. ஆக முன்பக்கம் உரசவில்லை. பின்பக்கம் பார்த்தால், நான்காம் அறையில் போட்ட தோட்டாவின் விளிம்பு மற்ற ஐந்தைவிட ஒரு மயிரிழை வெளியே நின்றது. நான்காம் அறைத் தோட்டாவை ஐந்தில் போட்டால் சரியாக இறங்கியது. ஐந்தாம் அறைத் தோட்டா நான்கில் நின்றது. குறை தோட்டாவில் இல்லை.

எக்ஸ்ட்ராக்டரைத் தூக்கி, அடியில் எரியாத மருந்துத் துகள் சிக்கியிருக்கிறதா என்று துலக்கிப் பார்த்தேன். நடுவில் மடியும் ரிவால்வர்களில் வழக்கமான குற்றவாளி அதுதான். சுத்தமாக இருந்தது. பிறகு ஒரு பஞ்சு உருண்டையை எக்ஸ்ட்ராக்டரின் ஒவ்வொரு வளைவிலும் மெதுவாக இழுத்தேன். ஐந்து வளைவில் வழுக்கிப் போன பஞ்சு நான்காவதில் மாட்டி ஒரு நூலை விட்டுவிட்டு வந்தது. லென்ஸ் வைத்தால் பிசிர் தெரிந்தது. இயந்திரத்தில் வெட்டிய பிறகு தேய்க்காமல் விட்ட உலோக ஓரம். தோட்டா விளிம்பு அதன்மேல் உட்கார்ந்து, பின்தகட்டில் உரசிக்கொண்டிருந்தது.

உலோகம் தேய்க்கும் எண்ணெய்க் கல்லை எடுத்தால் ஐந்து நிமிட வேலை. எடுக்கவில்லை. அதே எக்ஸ்ட்ராக்டரின் பின்புறப் பற்கள்தான் சிலிண்டரைச் சரியான இடத்துக்குச் சுழற்றுகின்றன. கை ஒரு நூல் தவறினால் அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காது, ஈயம் பக்கவாட்டில் சிதறும். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் சாமானில், தயாரித்தவர் செய்த குறையைத் தயாரித்தவரே நீக்கட்டும் என்று, பஞ்சு நூல் ஒட்டிய படத்தோடு கடை வழியாகத் திருப்பி அனுப்பினோம். பங்குனியில் எக்ஸ்ட்ராக்டர் மாற்றி வந்தது. மறுபடி எண் போட்டுப் பதினெட்டுத் தோட்டா. நான்காம் அறை எது என்று பேனாக் குறியைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

ரிவால்வரை வாங்கிக்கொண்டு போகும்போது செட்டியார் மெல்லிய எண்ணெய்க் குப்பி ஒன்றும் வாங்கினார். ஒற்றைக்குழலுக்கும் இதுதானா என்று கேட்டார். அதற்கு ஆச்சியின் புட்டியே போதும் என்றேன்.